எல்ஜிபி ஸ்டைன்ஸ் எஞ்சினுக்கு ஒலி டிகோடர்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

வணக்கம். இந்த மாதிரி ரயில் மன்றத்தில் ஒரு வருடமாக வாசகனாக மட்டும் இருந்தேன், இது முதல் பதிவு.

போன மாதம் ஞாயிற்றுச் சந்தையில் எல்ஜிபி நிறுவனத்தின் பழைய ஸ்டைன்ஸ், அதாவது ஒரு மாதிரி நீராவி எஞ்சின், கிடைத்தது. பச்சைக் கூண்டு, கறுப்புக் கொதிகலன், இரண்டே அச்சு. வீட்டுக்குப் பின்னால் 14 மீட்டருக்கு ஒரு வட்டப்பாதை போட்டிருக்கிறேன், 45 மிமீ பித்தளைத் தண்டவாளம். சென்ட்ரல் (ரயிலை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி) தண்டவாளத்துக்கு 20 வோல்ட் டிசிசி, அதாவது டிஜிட்டல் கட்டளையோடு கூடிய மின்சாரம், கொடுக்கிறது. எஞ்சின் இன்னும் அனலாக்தான். கடன் வாங்கிய பழைய டிரான்ஸ்பார்மரில் ஓட்டிக் காட்டியபோது எட்டு வயது மகள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, இது ஏன் ஊமையா ஓடுது?"

அதனால் ஒலி டிகோடர் (அந்தக் கட்டளையைப் புரிந்து மோட்டார், விளக்கு, சத்தத்தை நடத்தும் மின்பலகை) போடலாம் என்று நினைக்கிறேன். 150 யூரோ வரை செலவழிக்கலாம். மேசை அறையில் பழைய எச்0 (சின்ன மேசை ரயில் அளவு) ஒலி டிகோடர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே இதில் மாட்டினால் என்ன?

சால்டர்சாமி | பான்

மாட்டாதீர்கள். எச்0 டிகோடர் பெரும்பாலும் ஒரு ஆம்பியர் அளவுக்குச் செய்தது. ஜி அளவு (தோட்ட ரயில் அளவு) மோட்டார் சும்மா ஓடும்போது அதற்குள் அடங்கும், ஆனால் வளைவில் ஒரு கல் மாட்டிச் சக்கரம் நின்றால் அடுத்த நொடியே அந்த வரம்பு தாண்டிவிடும். வோல்ட் இன்னொரு தலைவலி. பழைய சின்ன டிகோடர்களில் கண்டென்சர்கள் 25 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தோட்டப் பாதையில் சிலர் 22, 24 வோல்ட் விடுகிறார்கள். இன்று தப்பித்தாலும் சென்ட்ரல் மாற்றும் நாளில் போய்விடும்.

டிகோடர் எது என்று பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மோட்டார் பெட்டியிலிருந்து மூன்று கம்பி வருகிறதா, நான்கா? அப்புறம், மோட்டார் நின்றுபோன நிலையில் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது? மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து மோட்டாருக்குத் தொடராக இணையுங்கள். சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்து, அனலாக் மின்சாரம் கொடுத்து, எண்ணைப் பார்த்தவுடன் விட்டுவிடுங்கள். ஒரு நொடிக்கு மேல் வேண்டாம், சுருள் சூடாகும்.

மூன்று கம்பி என்றால் அது பழைய பெட்டி. அதில் மோட்டாரின் ஒரு முனை தண்டவாளத் தொடர்போடு உள்ளேயே ஒட்டியிருக்கும். பிரித்து நான்கு கம்பியாக்காமல் எந்த டிகோடரையும் அருகில் கொண்டு போகக் கூடாது.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

நான்கு கம்பி அண்ணா. பழுப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை. சும்மா ஓடும்போது 0.3 ஆம்பியர். கையால் பிடித்தபோது 2.1 காட்டியது. எச்0 டிகோடரைத் திரும்பவும் மேசை அறைக்குள் வைத்துவிட்டேன்.

ரயிலடி | வின்டர்தூர்

வணக்கம் தம்பி. 2.1 என்றால் மோட்டார் நல்ல நிலையில்தான் இருக்கு. அந்த எண்ணுக்கு மேலே தாங்குகிற டிகோடராகத் தேடுங்கோ. விளம்பரத்தில் "மொத்தம் இத்தனை ஆம்பியர்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது விளக்கு, புகை எல்லாம் சேர்த்த கணக்கு. மோட்டாருக்கு மட்டும் எவ்வளவு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேணும்.

இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரை எடுத்தால் எல் வகை 0 அளவு (எச்0வுக்கும் ஜிக்கும் நடுவே) எஞ்சினுக்கு, எக்ஸ்எல் ஜி அளவுக்கு. எக்ஸ்எல்லில் கம்பிகளைத் திருகாணியால் முறுக்கலாம், முதல் முறை செய்கிறவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்டைன்ஸ் சின்னச் சாமான், எக்ஸ்எல் கிடைமட்டமாகக் கூண்டுக்குள் போகுமா என்று ஒரு மட்டையை அதே அளவில் வெட்டி வைத்துப் பாருங்கோ. வியன்னாவின் சீமோ நிறுவனமும், மாஸ்சோத் நிறுவனமும் பெரிய அளவுக்குச் செய்கிறார்கள். சத்தத்தில் மூன்றுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். என்னட்டை இருக்கிறது சுவிஸ் ரேத்திய ரயில்வேயின் "முதலை" என்ற எஞ்சினின் மாதிரி. அதில் இரண்டு மோட்டர், ரெண்டும் சேர்ந்து இழுக்கும், அதனால் எனக்குத் தெரிவே இருக்கவில்லை, பெரியதுதான். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

விலையைப் பற்றி ஒன்று. புதிய எக்ஸ்எல்லும் ஸ்பீக்கரும் சேர்த்தால் 150 யூரோவுக்குள் அடங்காது. பாவித்தது தேடுங்கோ, அல்லது ஒரு மாதம் பொறுங்கோ.

இன்னொன்று. உங்கட சென்ட்ரல் எல்ஜிபியின் பழைய டிஜிட்டல் முறையான எம்டிஎஸ் என்றால் அது எஃப்4 (நாலாவது செயல்பாட்டுப் பொத்தான்) கட்டளையை ஒரே தடவையில் அனுப்பாது, நான்கு துடிப்பாக அனுப்பும். அந்தத் தொடர்முறை புரியாத டிகோடரில் மணிக்குப் பதிலாக விசில் நாலு தடவை கூவும். எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

சென்ட்ரல் புதியதுதான், அந்தச் சிக்கல் இல்லை. மட்டை வெட்டி வைத்துப் பார்த்தேன். எக்ஸ்எல் கிடைமட்டமாகப் போகவில்லை, கொதிகலன் பின்சுவரோடு நிமிர்த்தி வைத்தால் போகிறது. ஓட்டுநர் பொம்மையை அரை அங்குலம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். பாவித்த எக்ஸ்எல் ஒன்றை 95 யூரோவுக்கு எடுத்துவிட்டேன்.

பனிக்கரடி | டொரண்டோ

எதுக்கு இத்தனை கஷ்டம்? பேட்டரி போடுங்கள். பித்தளைத் தண்டவாளம் வெளியில் கிடந்தால் கறுக்கும், இலை விழும், நத்தை ஏறும். வாரக்கடைசியில் ஓட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் துணியோடு குனிந்து தேய்க்க வேண்டும். நான் வண்டிக்குள் லித்தியம் பேட்டரி, ரேடியோ ரிசீவர், அதோடு இதே ஒலி டிகோடர் வைத்திருக்கிறேன். டிகோடருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, அதற்கு டிசிசி சமிக்ஞை போதும். என் தண்டவாளத்துக்கு மின்சாரமே இல்லை, ஐந்து வருடமாகத் துடைத்ததில்லை.

சால்டர்சாமி | பான்

டொரண்டோ சொல்வது பெரிய எஞ்சினுக்கு நியாயம். ஸ்டைன்ஸுக்குள் பேட்டரியையும் ஸ்பீக்கரையும் சேர்த்துத் திணிக்க இடம் இல்லை, பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி இழுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எஞ்சினை மட்டும் கையில் எடுத்து வேறு பாதையில் வைக்கும், அப்போது கம்பி அறுந்துபோகும். அத்தோடு ஸ்டைன்ஸில் சக்கரங்களுக்கு நடுவே தண்டவாளத்தை உரசும் சறுக்குக் கட்டைகள் உண்டு. சக்கரம் அழுக்கில் ஏறினாலும் அவை பிடித்துக்கொள்ளும். போதாவிட்டால் ஒரு கண்டென்சர் பேக் சேருங்கள், ஒரு நொடி இடைவெளியைத் தாங்கும். நிரல் எழுதும்போது மட்டும் சில டிகோடர்களில் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பனிக்கரடி | டொரண்டோ

சரி, குனிந்து தேய்க்க இன்னும் இடுப்பு இருக்கிறவர்கள் தேய்க்கட்டும் 🙂

கல்லாறுக்காரன் | கோயம்புத்தூர்

குறுக்கே வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. எனக்குத் தோட்டமே இல்லைங்க, மொட்டை மாடியில 6 மீட்டர் பாதைதான். ஆனா ஒரு சந்தேகம். ஸ்டைன்ஸ் நிஜ எஞ்சின் ஆஸ்திரியாவில் 760 மிமீ பாதையில ஓடினது. ஜி அளவு 1:22.5 தானே, அந்த 22.5 ஆல் வகுத்தால் 34 மிமீ கூட வரலை. 45 மிமீ பாதையில அது ஓடுறது அளவுக்குப் பொருந்தவே பொருந்தாதே? நம்ம நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், 1000 மிமீ. அதை 22.5 ஆல் வகுத்தால் 44.4. அதுதாங்க சரியான ஜி அளவு!

நான் அந்த நீலகிரி ரயிலோட எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின் ஒண்ணு பலகையும் பிளாஸ்டிக் ஷீட்டும் வச்சுச் செஞ்சிட்டு இருக்கேன். அதுக்கு நிஜச் சத்தமே வேணும். நானே பதிவு செஞ்சு டிகோடருக்குள்ள ஏத்த முடியுமா?

ரயிலடி | வின்டர்தூர்

ஓம், ஏற்றலாம். இஎஸ்யுவுக்கு லோக்புரோகிராமர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். கணினியில் டபிள்யூஏவி கோப்புகளை வெட்டி, எந்த வேகத்தில் எந்தச் சத்தம் என்று அடுக்கி அனுப்ப வேணும். சீமோவிலும் இதுக்கு வழி உண்டு.

எக்ஸ் வகுப்பு என்றதும் எனக்கு மனசு துள்ளுது. அந்த எஞ்சின்களை 1914 முதல் 1952 வரை கட்டி அனுப்பினது எங்கட ஊர் எஸ்எல்எம் என்ற ரயில் எஞ்சின் தொழிற்சாலை. 1871 இல் சார்லஸ் பிரவுன் தொடங்கினது.

ஆனால் சத்தத்தில் ஒரு சூட்சுமம் இருக்கு. சாதாரண இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு "சக்". எக்ஸ் வகுப்பில் நான்கு சிலிண்டர். சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும் வேலை செய்யும், அதே நாலு சக். பல்சக்கரப் பாதையில் (பல்சக்கரம் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற மலைப் பகுதி) அந்த நீராவி வெளியே போகாமல் மேல் இரண்டு சிலிண்டருக்குள் போய் இரண்டாவது தடவை தள்ளும், அதற்குப் பிறகுதான் புகைபோக்கிக்கு வரும். மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளைவிட வேகமாகச் சுழலும். காணொளியில் உற்றுப் பாருங்கோ, தெரியும். ஆகவே பல்சக்கரத்துக்குத் தனி ஒலித்தொகுப்பு செய்து ஒரு பொத்தானில் மாற்றும்படி வையுங்கோ. சக் சத்தம் சக்கரத்தோடு பொருந்த நாலு காந்தம் ஒட்டுவார்கள், அந்தக் கணக்கு அங்கே சரிவராது.

கல்லாறுக்காரன் | கோயம்புத்தூர்

அட, இதை நான் யோசிக்கவே இல்லைங்க. அடுத்த மாசம் அந்த மலைப் பாதையில ஹில்கிரோவ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்து எழுதறேன்.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

எல்லோருக்கும் ஒரு சோகச் செய்தி.

நேற்று இரவு மகள் தூங்கியதும் உட்கார்ந்தேன். டிகோடரில் முன்பு வைத்திருந்தவர் முறுக்கிய கம்பிகளில் வெள்ளை இருந்தது, எஞ்சினிலும் வெள்ளை இருந்தது. மஞ்சள் இருந்தது, மஞ்சளும் இருந்தது. பொருத்தம் பார்த்த ஜாதகம்போல நிறத்தோடு நிறத்தைச் சேர்த்துவிட்டேன். மிச்சம் இருந்ததை ஊகத்தில் இணைத்தேன். தண்டவாளத்தில் வைத்து விளக்குப் பொத்தான் எஃப்0 அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம், அப்புறம் கருகிய பிளாஸ்டிக் வாசனை. கையால் எஞ்சினைத் தூக்கியபோது மூடி சூடாக இருந்தது.

95 யூரோ போயிற்றா?

சால்டர்சாமி | பான்

தப்பு என்னுடையது, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எல்ஜிபி மோட்டார் பெட்டியில் வெள்ளையும் பழுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை, மஞ்சளும் பச்சையும் மோட்டாருக்குப் போகிறவை. டிசிசி நிறக்கணக்கு அதுவல்ல. டிகோடரில் சிவப்பும் கறுப்பும்தான் தண்டவாளம். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். நீங்கள் தண்டவாள மின்சாரத்தை நேராக முன்விளக்கு வாய்க்குள் ஊற்றிவிட்டீர்கள். எஃப்0 அழுத்தியதும் அந்த வாயின் டிரான்சிஸ்டர் திறந்தது, அதோடு அது போனது.

ஆனால் பெரும்பாலும் அந்த ஒரு வாய் மட்டும்தான் செத்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றுங்கள். மீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, தண்டவாளக் கம்பிக்கும் மோட்டார் கம்பிக்கும் எங்கேயும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல், ஸ்பீக்கர். இவை மட்டும். விளக்கு இப்போது வேண்டாம். வண்டியை நிரல் தண்டவாளத்தில் (டிகோடர் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த துண்டு) வைத்து சிவி 1 ஐ, அதாவது வண்டியின் முகவரி உள்ள அமைப்பு எண்ணை, சென்ட்ரலில் படியுங்கள். டிகோடர் பதில் சொல்வது மோட்டாருக்கு ஒரு துளி மின்சாரம் கொடுத்துத்தான். அதனால் எஞ்சின் லேசாக உதறினால் உயிர் இருக்கிறது.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

உதறியது! சிவி 1 இல் 3 வந்தது. சிவி 8 இல் 8 எழுதி ஆலை அமைப்புக்குக் கொண்டுவந்தேன். மோட்டார் ஓடுகிறது. எஃப்1 அழுத்தினால் நெருப்பு மூட்டும் சத்தம்கூட வருகிறது. முன்விளக்கு வாய் மட்டும் செத்தேவிட்டது. விளக்கைப் பக்கத்து ஆக்ஸ் (கூடுதல்) வாய்க்கு மாற்றி, செயல்பாட்டு அட்டவணையில் எஃப்0 முன்னோக்கு என்று அதற்கு ஒதுக்கிவிட்டேன். யாரும் கேட்காவிட்டால் வெளியே தெரியாது.

இப்போது வேறு சிக்கல். சமையலறை மேசையில் அருமையாகக் கேட்டது. தோட்டத்தில் வைத்தால் கொசு பாடுவதுபோல இருக்கிறது. சத்தத்தின் அளவான சிவி 63 ஐ முழுவதும் ஏற்றினேன், அப்போது கரகரக்கிறது.

ரயிலடி | வின்டர்தூர்

ஸ்பீக்கரை எப்படி வைத்திருக்கிறியள்? படம் போடுங்கோ.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

கூண்டின் தரையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறேன், முகம் மேலே பார்த்து. 40 மிமீ, 8 ஓம், காகிதக் கூம்பு.

ரயிலடி | வின்டர்தூர்

அதுதான் விஷயம். இந்த இழையில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கோ. நல்ல சத்தத்தில் பாதிதான் டிகோடருக்குக் கொடுத்த காசு, மீதி ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிற காற்று. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கும். முன்னால் போகிற அலையும் பின்னால் வருகிற அலையும் எதிரெதிர். ரெண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றை ஒன்று தின்றுவிடும், கிறீச்சு மட்டும் மிஞ்சும். வீட்டுக்குள் சுவரும் மேசையும் எதிரொலித்துக் காப்பாற்றும். தோட்டத்தில் சுவர் இல்லை.

பின்பக்கத்தை முழுவதும் மூடுங்கோ. நான் குளியலறைக் குழாய்க்குப் போடுகிற 40 மிமீ பிவிசி மூடியை எடுப்பேன். ஸ்பீக்கர் அதன் வாயில் கச்சிதமாக இருக்கும். விளிம்பைச் சுற்றி சிலிக்கோன் ஒரு கோடு, கம்பிக்கு ஒரு ஊசித்துளை, அந்தத் துளையையும் சிலிக்கோனால் அடைக்க வேணும். உலர்ந்தபிறகு கூம்பை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கோ. மெத்தையை அழுத்துவதுபோல எதிர்த்தால் காற்று கசியவில்லை. இலேசாகப் போய் வந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கு. முகத்தைக் கீழே பார்க்க வைத்து, எஞ்சின் அடித்தகட்டில் ஆறேழு துளை போடுங்கோ, சத்தம் பாலாஸ்ட் கல்லில் பட்டு விரியும். காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறிச் சுருங்கும், அடுத்த முறை பிளாஸ்டிக் கூம்பு வாங்குங்கோ.

சால்டர்சாமி | பான்

ஓம் அளவையும் பாருங்கள். இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்க்க ஆசை வந்தால், இணையாகப் போட்டால் 4 ஓம், தொடராகப் போட்டால் 16. டிகோடர் கையேட்டில் 4 வரை தாங்கும் என்று இருந்தால் மட்டும் இணையாக. இல்லாவிட்டால் டிகோடரின் ஆம்ப்ளிஃபையர் சில்லு சூடேறி விட்டுவிட்டுப் பாடும். பழைய 100 ஓம் ஸ்பீக்கரை இங்கே போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் காதருகே வைத்தால்தான் கேட்கும்.

சிவி 63 ஐ முழுவதும் ஏற்றாதீர்கள். கரகரப்பது ஸ்பீக்கர் எல்லை மீறுவதால்.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

மூடி போட்டாயிற்று. 1 யூரோ 20 சென்ட். எப்படிச் சொல்வது, வேறு எஞ்சின்! சிவி 63 ஐ 110 க்கு இறக்கிவிட்டேன், அப்போதும் தோட்ட வேலியில் நின்றால் கேட்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் விசில் வேண்டாம் என்று சொன்னார். இங்கே ஞாயிறு அமைதி ரொம்பக் கண்டிப்பு, புல்வெட்டியே ஓட்டக் கூடாது. ஞாயிறுகளில் 40.

ஒரே குறை. மகள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள அஞ்சு, அப்புறம் மூணு சக் வருது" என்கிறாள்.

சால்டர்சாமி | பான்

பிள்ளைக்கு என் வணக்கம். அது டிகோடர் மோட்டார் வேகத்தை வைத்து ஊகிப்பதால் வருவது. சிவி 57, 58 இரண்டையும் மாற்றி மாற்றிச் சரிபண்ணலாம், மெதுவேகத்தில் ஓரளவு பொருந்தும். சரியாக வேண்டும் என்றால் சென்சார்தான். அச்சு மோட்டார் பெட்டிக்குள் இருப்பதால் சக்கரத்தின் உள்பக்கத்தில் 3 மிமீ காந்தம் நான்கு, 90 பாகைக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நான்கும் ஒரே முகம் வெளியே பார்க்க வேண்டும். எதிரே ஹால் சென்சார் (காந்தம் கடப்பதை உணர்வது), 2 மிமீ இடைவெளியில். ரீட் சுவிட்ச் மலிவுதான், ஆனால் கண்ணாடிக் குழாய், வளைத்தால் உடையும், நாளாகும்போது உள்ளே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காந்தம் ஒட்டுவதற்கு முன் சக்கரத்தில் பேப்பர் வட்டம் வெட்டி வைத்து நாலாக மடித்துக் குறியிடுங்கள். கண்ணால் பார்த்து ஒட்டினால் எஞ்சின் நொண்டும். பழைய எஞ்சின் கொஞ்சம் நொண்டுவதுதான் அழகு என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் உட்பட.

தோட்டத்தண்டவாளம் | ஸ்டுட்கார்ட்

பேப்பரை மகள்தான் மடித்தாள். இப்போது நாலு. அவள் பத்துச் சுற்று எண்ணிவிட்டு நாற்பது என்று சொல்லிப் போய்விட்டாள். புகைக் குழாய் போடலாமா?

சால்டர்சாமி | பான்

போடலாம், ஆனால் புகை எண்ணெய் சொட்டினால் நேராகக் கீழே ஸ்பீக்கருக்குத்தான் போகும். வாங்குவது 5 வோல்ட் குழாயா என்று பாருங்கள், அதை 20 வோல்ட்டில் நேராக மாட்டினால் அது ஒரே ஒரு தடவைதான் புகையும்.

கல்லாறுக்காரன் | கோயம்புத்தூர்

ஹில்கிரோவ் போயிட்டு வந்துட்டேங்க. தண்ணி பிடிக்க எஞ்சின் நின்ன நேரத்துல பம்ப், பாய்லர் இரைச்சல் எல்லாம் சுத்தமா கிடைச்சது. வந்தது பொன்மலைப் பணிமனையில கட்டின, எண்ணெய் எரிக்கிற நீராவி எஞ்சின். பர்னர் உறுமல் அடியில ஓடிக்கிட்டே இருக்கு, நிலக்கரி எஞ்சின்ல அது இருக்காது. அதை ஒரு தனிச் சேனல்ல போடலாம்னு இருக்கேன். எஞ்சின் பின்னால இருந்து பெட்டிகளைத் தள்ளுது, அதனால கடைசிப் பெட்டியில உட்கார்ந்தா சத்தம் கைக்கெட்டுற தூரம்.

கிளம்புற நேரத்துல சக் எண்ண ஆரம்பிச்சேன். மூணாவது சக்ல ஒரு குரங்கு வந்து மைக் மேல இருந்த பஞ்சு உறையைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பதிவு முழுக்கக் காத்துதான். ரயிலடி அண்ணே, எனக்கு முதல் மூணு சக் இருக்கு, நாலாவது இல்லை. ரெண்டாவதையே மறுபடியும் ஒட்டினா கண்டுபிடிப்பாங்களா?

ரயிலடி | வின்டர்தூர்

ஸ்டுட்கார்ட்காரரின் மகள் கண்டுபிடிப்பாள்.